ஊசி நின்ற நாள்

சேரப்பணஞ்சேரி
12-6-1991

மரகதம் அக்காவுக்கு ஷெர்லின் எழுதுவது.

எந்த ஷெர்லின் என்று யோசிக்க வேண்டாம். நர்சிங் ஹோமில் ஜன்னலோரக் கட்டில் உங்களுடையது, அதற்குப் பக்கத்துக் கட்டில் என்னுடையது. உங்கள் வீட்டுக்காரரிடம் விலாசம் கேட்டு என் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வாரமாக அந்தச் சீட்டை எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். இன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

தையல் ஆறிவிட்டதா? காய்ச்சல் திரும்பவும் வரவில்லையே? உங்கள் மாமியாரின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இப்படி எல்லோரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை அக்கா. பாப்பா எப்படி இருக்கிறாள்?

உங்களுக்கு முதல் மூன்று நாள் நினைவு இல்லை. அதனால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். அது குண்டு வெடித்த மறுநாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பஸ் ஓடவில்லை, ஒரு கடை திறக்கவில்லை. வலி எடுத்து ஐந்து மணி நேரம் கழித்துத்தான் என்னை ஒரு செங்கல் லாரியில் ஏற்றி அங்கே கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்தபோது என் பையன் உள்ளேயே அடங்கிவிட்டான். அதே நாளில்தான் உங்களுக்கும் ஜன்னி கண்டு, ஆபரேஷன் செய்து, பாப்பாவை எடுத்தார்கள். நீங்கள் கண் திறக்கவில்லை. பாப்பா தொட்டிலில் கத்திக்கொண்டு கிடந்தாள்.

பெரிய சிஸ்டர் பால்பவுடர் டின்னும் பாட்டிலுமாக வந்து உங்கள் மாமியாரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். "ஊசி மருந்தெல்லாம் பால்ல எறங்கும். டாக்டர் சொல்ற வரைக்கும் தாய்ப்பால் குடுக்கவே கூடாது. டின்னுதான்." அந்த ரப்பரை வாயில் வைத்தால் பாப்பா நாக்கால் தள்ளினாள். எனக்கு இந்தப் பக்கம் ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, கட்டில் விரிப்பே நனைந்து போனது. மறுநாள் மத்தியானம் உங்கள் மாமியார் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். நர்சுகளும் சாப்பிடப் போயிருந்தார்கள். யாரையும் கேட்காமல் தூக்கிவிட்டேன். கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

நாலாம் நாள் நீங்கள் கண் விழித்தபோது அவள் என் மடியில் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் கோபப்படவில்லை. "குடும்மா, குடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. அதற்கப்புறம் உங்கள் மாமியார் வெளியே போனால் போதும், பயப்படாமல் தூக்கிவிடுவேன். சின்ன சிஸ்டர் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவாள்.

எட்டாம் நாள் பெரிய சிஸ்டர் கண்ணில் பட்டேன். "இன்னாம்மா இது? எந்த ஜனமோ என்னமோ, இவ பாட்டுக்குத் தூக்கி வெச்சிக் குடுத்துக்கினு கீறா! டின்னு வாங்கி வெச்சிருக்கறது இன்னாத்துக்கு?" என்று மடியிலிருந்து பிடுங்கினார். குடித்துக்கொண்டிருந்த பிள்ளை அக்கா. கன்னமெல்லாம் பால் வழிந்தது. அன்றைக்கே என் பேரை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே என் மாமியார் பால் வற்றுவதற்கு மல்லிகைச் சரத்தை மார்பில் சுற்றிக் கட்டுகிறார். பூ வாடுகிறது, பால் வற்றவில்லை. எந்த வீட்டில் குழந்தை அழுதாலும் ரவிக்கை நனைகிறது.

ஒரே ஒரு முறை அவளைப் பார்க்க வேண்டும். வாலாஜாபாத் என்ன தூரமா? ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள் பக்கத்துக் கட்டில்
ஷெர்லின்


வாலாஜாபாத்
20-6-1991

ஷெர்லினுக்கு,

உன் கடிதம் வந்தது. நல்ல வேளையாகத் தபால்காரர் என் கையில் கொடுத்தார். என் மாமியார் கோவிந்தம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் எதிர்வீட்டு வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உரியவர் கைக்கு வரும். அந்த ஏழு நாள் சங்கதி அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை வெட்டிப் போட்டுவிடுவார். இல்லை, வெட்ட மாட்டார், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். வெட்டுவதே மேல்.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. செய்நன்றி கொன்றவள் என்று என்னை நினைக்காதே. என் பிள்ளை உயிரோடு இருப்பது உன்னால். இதை எழுதும்போது கை கூசவில்லை. ஆனால் அடுத்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவளுக்குப் பாட்டில் என்றாலே ஆகவில்லை. ரப்பர் உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுகிறாள். என்னைத் தேடவில்லை, என்னிடம் அவள் குடித்ததே இல்லையே. உன்னைத்தான் தேடுகிறாள். ஒரு பாட்டில் இறங்க ஒரு மணி நேரம். ஏழே நாளில் என் பிள்ளையை எனக்கு ஆகாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? எனக்கும் பால் வருகிறது ஷெர்லின். நன்றாகவே வருகிறது. நெறி கட்டி வலி பொறுக்க முடியாமல் தினமும் நாலு வேளை டம்ளரில் பிழிகிறேன். பிழிந்ததைக் கொல்லையில் பீர்க்கங்கொடி வேரில் ஊற்றுகிறேன். ஊசி ஏறின பாலாயிற்றே. டாக்டர் சொல்கிற வரைக்கும் கூடாது என்ற பேச்சை என் மாமியார் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சரி, டாக்டர் சொல்லட்டும் என்று இரண்டு முறை காட்டப் போனோம். பிள்ளையை எடை போட்டார்கள். வேறு டின் எழுதிக் கொடுத்தார்கள். பாலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்கப் போனால் மாமியார் கையைப் பிடித்து இழுக்கிறார். "படிச்சவங்களுக்குத் தெரியாதா? சொல்ற காலத்துல சொல்லுவாங்க. நீ கேட்டு வெச்சி, அந்தப் பெரிய சிஸ்டரு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிச்சின்னா நாளைக்கி யாரு பாக்கறது?" என்கிறார். என் வீட்டுக்காரர் நாகப்பன் வழக்கம் போல அம்மா பக்கம்.

இந்த வருஷம் கொடி கொழுகொழு என்று காய்க்கிறது. அந்தக் காயை நான் வாயில் வைப்பதில்லை.

நீ வராதே. அவள் உன் மடியில் குடிக்கும்போது வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ வந்தால் அவள் உன்னை அடையாளம் கண்டுகொள்வாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இனி எழுதவும் வேண்டாம். உனக்கும் வயது இருக்கிறது, ஆண்டவன் இன்னொரு பிள்ளையைக் கொடுப்பான். இவளை மறந்துவிடு.

மரகதம்


சேரப்பணஞ்சேரி
25-6-1991

மரகதம் அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். பின்பக்கம் விலாசம் போடவில்லை, யார் எழுதியது என்று கேட்டால் தையல்காரி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வது நியாயம்தான். பெற்றவள் நீங்கள். இன்னொரு பிள்ளை பிறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள். பாதிரியார் சொன்னார், அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், என் வீட்டுக்காரர் அன்புகூட ஷிப்ட் முடிந்து வந்து சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னார். பிறக்கும். இவன் போனதற்கு அது பதில் ஆகாது. இவன் முகத்தை எனக்குக் காட்டவே இல்லை. துணி சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளை முகம் உங்கள் பெண்ணின் முகம் மட்டும்தான். அதனால்தான் அப்படி எழுதிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பீர்க்கங்கொடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை படித்த பிறகு அடுப்பில் இருந்த சோறு தீய்ந்து போனதுகூடத் தெரியவில்லை. அடுத்த தடவை போகும்போது பெரிய சிஸ்டரிடம் நிற்காதீர்கள் அக்கா. டாக்டரையே நேரில் கேளுங்கள். என் பால் கொடுக்கலாமா என்று வாயை விட்டுக் கேளுங்கள். உங்கள் மாமியார் கையை இழுத்தாலும் கேளுங்கள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

மாமியார் இன்றைக்குப் புதுச் சரம் வாங்கி வந்திருக்கிறார். கட்டிக்கொள்கிறேன்.

ஷெர்லின்


வாலாஜாபாத்
3-7-1991

ஷெர்லின்,

எழுதாதே என்று சொன்ன வாயால் கேட்கிறேன். எனக்கு வெட்கம் பார்க்க நேரமில்லை.

பாப்பாவுக்கு ஆறு நாளாக வயிற்றுப்போக்கு. தண்ணீராகப் போகிறது. கண் உள்ளே போய்விட்டது. உச்சிக்குழி பள்ளமாகத் தெரிகிறது. அழுகிறாள், கண்ணீர் வரவில்லை. இங்கே ஒரு டாக்டர் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கொடுக்கிறோம். பாட்டிலை நான் கொதிக்க வைத்துத்தான் கழுவுகிறேன், சத்தியமாக. ஆனால் கிணறு அடி மட்டத்துக்குப் போய்விட்டது, வருகிற தண்ணீரே கலங்கல்.

நர்சிங் ஹோமுக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ எழுதியபடி டாக்டரைக் கேட்டுவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். டாக்டர் ஊரில் இல்லையாம், வர ஒரு வாரம் ஆகுமாம். பெரிய சிஸ்டர் பாப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பவுடர் ஒத்துக்கலம்மா, வேற எழுதித் தரேன்" என்று சீட்டு எழுதினார். ஆறு வாரத்தில் இது நாலாவது டின். சுவரில் அந்த டின் கம்பெனி காலண்டரில் ஒரு பிள்ளை பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதையும் என் மடியில் கிடப்பதையும் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ யார், எந்த ஊர், எத்தனை நாள் கொடுத்தாய், நான் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தது, எல்லாம். ஒரகடம் தாண்டி வெகுதூரம் வரைக்கும் பாப்பாவின் உச்சியைத் தடவிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "யாரா இருந்தா இன்னா? புள்ள பொழைக்கட்டும். வரச் சொல்லு" என்றார்.

உனக்கு இன்னும் பால் இருக்கிறதா? பூ கட்டி வற்றிவிட்டதா? ஒரு சொட்டு இருந்தாலும் வா. என் எதிரிலேயே கொடு. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அவள் உன்னோடு போய்விட்டாலும் பரவாயில்லை, இருந்தால் போதும்.

மரகதம்


சேரப்பணஞ்சேரி
5-7-1991, காலை

அக்கா,

நான் வராமல் காகிதம் வருகிறதே என்று இதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முழுவதும் படியுங்கள். கொண்டுவருவது என் வீட்டுக்காரர் அன்பு. ஷிப்டுக்குப் போகாமல் வருகிறார்.

எனக்குப் பால் இருக்கிறது. மாமியார் பூவைக் கட்டுவார், அவர் தலை மறைந்ததும் அவிழ்த்துவிடுவேன். பிழிந்து பிழிந்து வற்றவிடாமல் வைத்திருந்தேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டதில்லை. இப்போது தெரிகிறது, நீங்கள் எழுதிய மாதிரி ஒரு கடிதத்துக்குத்தான். உங்கள் கடிதம் வந்ததும் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டேன். என்னை நானே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது அக்கா. பிள்ளை அப்படிக் கிடக்கிறாள் என்று படித்த கையோடு எனக்குச் சந்தோஷம். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கிருந்தே திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

மே மாதம் 27ஆம் தேதி, திங்கட்கிழமை சாயங்காலம், டாக்டர் வந்து உங்கள் அட்டையைப் பார்த்தார். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். "ஊசிய நிறுத்தியாச்சு. நாளையிலேருந்து அம்மா பால் குடுக்கலாம்" என்று சின்ன சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு டியூட்டி முடிகிற நேரம். என்னிடம் வந்து, "அந்தக்கா எழுந்தா நீங்க சொல்லிடுங்கக்கா, நான் கெளம்பறேன்" என்றாள். சரி என்றேன்.

நீங்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்தீர்கள். தண்ணீர் கேட்டீர்கள். தண்ணீர் கொடுத்தேன். சொல்லவில்லை.

சொன்னால் அந்த நிமிஷமே அவள் உங்கள் கட்டிலுக்குப் போய்விடுவாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் என்னை அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லாமலா இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் பீர்க்கங்கொடி கடிதம் வந்தபோதுதான் அவர்களும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். டாக்டரைக் கேளுங்கள் என்று பூசி மெழுகி எழுதினேன். சொல்லிவிட்டால் நீங்கள் என்னைக் கூப்பிடவே மாட்டீர்கள் என்ற பயம்.

உங்கள் பாலில் மருந்து இல்லை அக்கா. முப்பத்தொன்பது நாளாக இல்லை.

இதைப் படித்ததும் அவளை எடுத்து மார்பில் போடுங்கள். முதலில் பிடிக்க மாட்டாள், அழுவாள், விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பிழிந்து உதட்டில் தடவுங்கள். அவளுக்கு இடப்பக்கம்தான் பிடிக்கும். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்தால் வாய் நிறைய வாங்கிக்கொள்வாள். நீங்கள் தினமும் நாலு வேளை பிழிந்ததால்தான் வற்றாமல் இருக்கிறது, இனி அவள் குடிக்கக் குடிக்க ஊறும்.

இதற்கப்புறமும் நான் வர வேண்டும் என்றால் அன்பிடம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த பஸ்ஸில் வருவேன். வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்.

ஷெர்லின்


வாலாஜாபாத்
5-7-1991, மாலை

குடிக்கிறாள்.

நீ வர வேண்டாம்.


சேரப்பணஞ்சேரி
22-7-1991

அக்காவுக்கு,

கடிதம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் பதினேழு நாளாகத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். அவரே இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார்.

அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்ததை இவரிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். "அந்தம்மா படிச்சிக்கினே எழுந்து உள்ள போச்சி. நான் உக்காந்துகினே இருந்தேன். புள்ள அழுவுற சத்தம் கேட்டுது. அப்பறம் சத்தமே இல்ல. எனக்கு பக்குனு ஆயிப்போச்சி. பொழுது சாயற நேரத்துல வயசானம்மா ஒரு சொம்பு மோரும் இந்தச் சீட்டும் குடுத்துச்சி. அந்தம்மா அழுதுக்கினு இருந்துச்சா சிரிச்சிக்கினு இருந்துச்சான்னு எனக்குத் தெரில" என்று ஒரே மாதிரிதான் சொல்கிறார். சீட்டில் இருந்ததற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயரவில்லை.

கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பதை அவர் திரும்பி வந்த பிறகு சொன்னேன். நாலு நாள் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார். அஞ்சாம் நாள், "ஏன் சொல்லாம இருந்தன்னு நான் கேக்கல. எனக்கே தெரியுது" என்றார். அவரும் பையன் முகத்தைப் பார்க்கவில்லை அக்கா. எடுத்துக்கொண்டு போனது அவர் அண்ணன்.

என் மேல் கோபம் இருக்கட்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். வயிற்றுப்போக்கு நின்றதா? ஒரு கார்டில் "நின்றது" என்று ஒரு சொல் எழுதிப் போடுங்கள். பேர்கூடப் போட வேண்டாம்.

ஷெர்லின்


வாலாஜாபாத்
14-8-1991

ஷெர்லின்,

நின்றது. நாலே நாளில் நின்றது. எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான். நீ வாசலுக்கு ஓடி ஓடி ஏமாற வேண்டும் என்று நினைத்தேன். நான் நல்லவள் இல்லை, உனக்கே தெரியும்.

பாப்பா முதல் நாள் கொஞ்சம் சப்பினாள், போதாமல் அழுதாள், மறுபடியும் சப்பினாள். இடப்பக்கம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இடப்பக்கம் போட்டேன். என் பிள்ளைக்கு எந்தப் பக்கம் பிடிக்கும் என்று இன்னொருத்தி எழுதித் தெரிந்துகொள்கிற விதி எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. அவள் பிடித்துக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. டின்னைத் தொட்டு இப்போது நாலு வாரம் ஆகிறது. கன்னம் வைத்திருக்கிறாள். தொடையில் மடிப்பு விழுந்திருக்கிறது.

போன வாரம் அவளைத் தூக்கிக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பெரிய சிஸ்டர் சொன்னதைக் கேள். "நீங்க கேக்கலியேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். வூடு வூடா வந்தா சொல்ல முடியும்?" அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நாங்கள் அழாமல் வரிசையில் நின்றோம், அதுதான் குற்றம். டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் எழுதியிருக்கேனே" என்று ஒரு மூலையைக் காட்டினார். எழுதித்தான் இருந்தது, இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்த மாதிரி. அந்த அட்டை இத்தனை நாளும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. நாகப்பன் அதை எடுத்துப் பார்க்காத நாளில்லை, அவருக்கும் புரியவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது. கிளம்பும்போது பழக்கதோஷத்தில் ஒரு டின்னை எடுத்து நீட்டினார்கள். என் மாமியார் அதை வாங்கி, பத்திரமாக மேஜை மேலேயே வைத்துவிட்டு, "இத்த நீயே வெச்சிக்கோம்மா, உம் பேரப்புள்ளைக்கி ஆவும்" என்றார். கல்யாணமாகி வந்த நாள் முதலாக இல்லாத மரியாதை அன்றைக்கு அந்தக் கிழவி மேல் எனக்கு வந்தது.

இனி உன் விஷயம். நீ முதலில் மறைத்த அந்த இரண்டு நாளை எப்போதோ மன்னித்துவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த மறுநாள் என் கையில் ஒரு பிள்ளை கிடைத்திருந்தால், எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறவளிடம் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் கொடி வேரில் ஊற்றுகிறேன் என்று நான் எழுதியதைப் படித்த பிறகும் பத்து நாள் சும்மா இருந்தாயே, அதை மன்னிக்க முயற்சி செய்கிறேன், முடியவில்லை. அந்தப் பத்து நாளில்தான் அவள் கண் உள்ளே போனது. முடிந்துவிட்டது என்று உனக்கு நான் பொய் எழுத மாட்டேன்.

ஆனால் ஷெர்லின், குடித்துக்கொண்டே இருப்பவள் நடுவில் நிறுத்திவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு கை என் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது என்னவோ செய்கிறது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. மாமியாரிடம் சொல்ல முடியுமா, நாகப்பனிடம் சொல்ல முடியுமா? அவள் அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் என்னைத் தவிர நீ ஒருத்திதான். கோபத்தில் இருக்கும்போதும் உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய்த்தான் எழுதுகிறேன்.

மதிவதனி என்று பேர் வைத்திருக்கிறோம். 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, உன் கோயில் முடிந்ததும் புறப்பட்டு வா. அன்பையும் அழைத்து வா. அன்றைக்கு அந்த மனுஷனை மோரோடு அனுப்பிவிட்டோம், இந்தத் தடவை சாப்பிட வேண்டும் என்று மாமியார் சொல்கிறார்.

வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவளைத் தூக்கு, குளிப்பாட்டு, தாலாட்டு, நாள் முழுக்க இடுப்பில் வைத்துக்கொள். ஒரு தடவை பால் கொடுக்கட்டுமா என்று மட்டும் என்னைக் கேட்காதே. அதை நான் தர மாட்டேன்.

மரகதம்


சேரப்பணஞ்சேரி
19-8-1991

அக்காவுக்கு,

மதிவதனி. இரண்டு நாளாக வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அன்பும் சொல்லிப் பார்க்கிறார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இருந்தது, வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்.

வருகிறோம். பதினொரு மணிக்குள் வந்துவிடுவோம்.

அந்தப் பத்து நாளை மன்னிக்க வேண்டாம். நீங்கள் மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் எனக்கு வரப் பயமாக இருந்திருக்கும்.

பால் கொடுக்கிறேன் என்று கேட்க மாட்டேன். இப்போது இல்லை. இருந்தாலும் கேட்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன், முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் அங்கே இருக்கும்போது அவளுக்குப் பசிக்கும். நீங்கள் எடுத்து மடியில் போட்டுக்கொள்வீர்கள். அப்போது என்னை வெளியே போய் உட்காரச் சொல்லாதீர்கள்.

ஷெர்லின்